ரன்னிங் அடியா, சதுர அடியா? பிள்ளைங்களுக்கு சுற்றளவு பரப்பளவு சொல்லிக் குடுக்குறது எப்படி

போன வருஷம் ட்யூஷனுக்கு வந்த ஒரு அஞ்சாங்கிளாஸ் பொண்ணுகிட்ட, "8 மீட்டர் நீளம் 5 மீட்டர் அகலத்துல ஒரு தோட்டம், அதுக்கு வேலி போட எவ்ளோ கம்பி வேணும்"னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, 40னு எழுதிட்டு நிமிந்து பாத்துச்சு. எப்படிம்மான்னு கேட்டா "ரெண்டு நம்பர் குடுத்தா பெருக்கணும்ல மிஸ்"ங்குது. பெருக்குனது தப்பில்ல, எட்டஞ்சு நாப்பதுதான், ஆனா அந்த நாப்பது என்ன நாப்பதுன்னு அதுக்கு யாரும் சொல்லல, அது கம்பியா மண்ணா புல்லா எதுவுமே தெரியாது. இந்தக் குழப்பம் அந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்ல, கடலூர் புதுப்பாளையத்துல வீட்டுத் திண்ணையில ட்யூஷன் ஆரம்பிச்ச நாள்ல இருந்து வர்ற பிள்ளைங்க பாதிக்கு மேல இதே கதைதான். அதனால புதுசா ட்யூஷன் எடுக்குறவங்க, வீட்டுல புள்ளைக்கு தானே சொல்லிக் குடுக்குற அம்மா அப்பா, லீவுக்கு வந்து மாட்டிக்கிட்ட சித்தப்பா, எல்லாருக்கும் சேத்து நான் எப்படி எடுக்குறேன்னு எழுதுறேன்.

மேஸ்திரிகிட்ட கத்துக்கிட்டது

உண்மையச் சொன்னா நானும் ரொம்ப நாள் "2 இன்டு எல் பிளஸ் பி, எல் இன்டு பி"ன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டு போனவதான். எங்க வீட்டு ரூம் ஒண்ணுக்கு டைல்ஸ் போட்டப்பதான் மாட்டுனேன். ரூம் 12க்கு 10. 120 சதுர அடி, 2க்கு 2 டைல்ஸ்னா ஒண்ணு 4 சதுர அடி, அப்ப 30 டைல்ஸ், பாக்ஸுக்கு நாலு, 8 பாக்ஸ்னு கணக்குப் போட்டு பெருமையா வாங்கிட்டு வந்துட்டேன். மேஸ்திரி பாத்துட்டு "டீச்சரம்மா, சதுர அடி சரி, ஸ்கர்டிங்குக்கு ரன்னிங் அடி எங்க?"ன்னாரு. ரன்னிங் அடின்னா நீளத்த மட்டும் அடியில அளக்குறது. ஸ்கர்டிங்னா செவுத்து ஓரமா நாலு இஞ்ச் உயரத்துக்கு ஒட்டுவாங்கல்ல, அத மறந்தே போயிட்டேன். சுத்தி 44 அடி, வாசப்படி 3 அடி கழிச்சா 41. ஒரு டைல்ஸை நாலு நாலு இஞ்சா அறுத்தா ஆறு பட்டை, ஒவ்வொண்ணும் 2 அடி, ஆக ஒரு டைல்ஸ்ல 12 ரன்னிங் அடி தேறும். 41க்கு நாலு டைல்ஸ் வேணும், கையில மிச்சம் ரெண்டுதான். திரும்பக் கடைக்குப் போனா அந்த பேட்ச் தீந்து போச்சு, புது பேட்ச் ஷேடு லேசா மாறி இருக்கு. இன்னைக்கும் கட்டிலுக்குப் பின்னாடி அந்த ரெண்டு டைல்ஸோட பட்டை மட்டும் வேற கலர்ல பல்லிளிச்சுக்கிட்டு இருக்கும்.

அன்னைக்குதான் தோணுச்சு, மேஸ்திரி ஃபார்முலா எதுவும் சொல்லலையே, இது ரன்னிங் அடில போறதா சதுர அடில போறதான்னுதான் மொதல்ல கேக்குறாரு, எண்ணெல்லாம் அப்புறம். அதே கேள்வியத்தான் இப்ப பிள்ளைங்ககிட்ட கேக்குறேன். கணக்கப் படிச்ச உடனே பென்சிலக் கீழ வை, "மேஸ்திரி என்ன கேப்பாரு?", அதச் சொல்லு, அப்புறம் எழுது.

மொத நாள் ஃபார்முலா வேணாம், நோட்டுகூட வேணாம்

ஒரு உருண்டை சணல், தையல் டேப் ஒண்ணு, பழைய தினசரி காலண்டர் தாள் ஒரு கத்தை, சாக்பீஸ். செலவு அவ்ளோதான்.

புஸ்தகத்த மூடி வச்சு, அதோட ஓரத்துல ஆள்காட்டி விரல ஓட்டச் சொல்லுங்க, ஒரு மூலையில ஆரம்பிச்சு அதே மூலைக்குத் திரும்பி வரணும். அப்புறம் அதே அட்டைய உள்ளங்கையால தடவச் சொல்லுங்க, ஒரு இடம் விடாம. விரல் ஓடுனது சுற்றளவு, கை தடவுனது பரப்பளவு. கேரம் போர்டு, தட்டு, சாப்பாட்டு மேசை, ஜன்னல்னு வீட்டுல கண்ணுல படுறதெல்லாம் இப்படி ஓட்டட்டும் தடவட்டும், அஞ்சு நிமிஷத்துல சலிச்சுப் போகும், பரவால்ல. தட்டு வட்டமா இருக்கே அதுக்கும் சுற்றளவு உண்டான்னு ஒண்ணாவது கேக்கும். உண்டுன்னு சொல்லி சணல சுத்திக் காமிங்க. இந்த எடத்துல இத சொல்லி வைக்கலன்னா சுற்றளவுன்னா செவ்வகத்துக்கு மட்டும் இருக்குற ஏதோ ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சுரும்.

நாங்க ஒரு தடவ புதுச்சேரி போனப்ப ஒயிட் டவுன்ல இத நடந்தே பாத்தோம். அங்க வீதியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நேரா வெட்டிக்கிட்டுப் போகுதுல்ல, ஒரு மூலையில நின்னு வலது பக்கமாவே நாலு தடவ திரும்புனா கெளம்புன எடத்துக்கே வந்துருவோம், ஒவ்வொரு பக்கமும் எத்தன எட்டுன்னு பிள்ளைங்க எண்ணிக்கிட்டே வந்துச்சுங்க. எதிரெதிர் பக்கம் ஏறக்குறைய ஒரே எண்ணு வந்ததும் ஒருத்தன் "மிஸ் ரெண்டு பக்கம் நடந்தா போதும், மிச்சத்த டபுள் பண்ணிக்கலாம், கால் வலிக்குது"ன்னான். அந்த 2 எங்க இருந்து வந்துச்சுன்னு நான் தனியா சொல்ல வேண்டியே இல்லாமப் போச்சு. பழைய ஊரச் சுத்திப் போற புல்வார் ரோடு முட்டை மாதிரி இருக்கும், அதுக்கு நீளம் அகலம் கூட்டி ரெண்டால பெருக்குற கதை ஆவாது, ஆனா சுத்தி நடந்து வந்தா அதுவும் சுற்றளவுதான். அதையும் காமிச்சேன் (வெயில்ல பாதிக்கு மேல நடக்கல, ஐஸ் வாங்கிக் குடுத்து கூட்டிட்டு வந்துட்டேன்).

ஏன் பெருக்குறோம்னு அவங்களே கண்டுபிடிக்கணும்

காலண்டர் தாள மேசை மேல பரப்பச் சொல்லுங்க. சந்து விடக்கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறவும் கூடாது, ரெண்டு கண்டிஷன்தான். முடிச்சதும் எத்தனன்னு எண்ணட்டும். மொதல்ல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும், கொஞ்ச நேரத்துல கையத் தூக்கி "மிஸ் ஒரு வரிசையில 6, அஞ்சு வரிசை, முப்பது"ன்னு வரும். நீங்க நீளம் இன்டு அகலம்னு வாயத் தொறக்காம இருக்கணும், ரொம்ப கஷ்டம், இருந்தாலும் இருங்க.

அடுத்து இன்னொரு புள்ளைக்கு வேற கம்பெனி காலண்டர் தாளக் குடுத்து அதே மேசையப் பரப்பச் சொல்லுங்க, அதுக்கு 42 வரும். ஒரே மேசை, ஒருத்தருக்கு 30 ஒருத்தருக்கு 42, யாரு சொல்றது சரின்னு சண்டை வரும். சண்ட நல்லா முத்துனதும் 10 செ.மீக்கு 10 செ.மீ அட்டை வெட்டி கையில குடுங்க. எல்லாரும் ஒரே மாதிரி துண்ட வச்சு அளந்தாதான் ஒரே பதில் வரும், அந்தத் துண்டு சதுரமா இருந்தா எப்படித் திருப்பி வச்சாலும் ஒண்ணுதான், சதுர செ.மீ சதுர அடின்னு பேரு வந்ததெல்லாம் அதனாலதான்னு இங்க சொன்னா ஒட்டிக்கும்.

புள்ளிக்கோலம் போடுற வீடா இருந்தா இன்னொரு வேலை. 7க்கு 7 நேர்ப்புள்ளி வச்சு, வெளிப்புள்ளிய எல்லாம் கோட்டால சேத்தா ஒரு சதுரம். உள்ள எத்தன கட்டம்? எல்லாரும் 49ம்பாங்க. எண்ணிப் பாத்தா 36தான் இருக்கும், ஏன்னா ஏழு புள்ளிக்கு நடுவுல ஆறு சந்துதான். சுத்தியும் 28 இல்ல, 24 சந்து. கட்டம் போட்ட நோட்டுல படம் வரையுறப்ப கட்டத்துக்குப் பதிலா கோட்ட எண்ணுற தப்பு இதுல ஓரளவு போயிரும். வேலிக்குத் தூண் நடுற கணக்கும் இதே சமாச்சாரம்தான், நேரா ஒரே வரிசைன்னா சந்த விட தூண் ஒண்ணு கூட, சுத்தி மூடுன வேலின்னா சந்து எத்தனயோ தூணும் அத்தன.

சில்வர் பீச்சுல 20 மீட்டர் கயிறு

நான் எடுக்குறதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வகுப்பு இதுதான், ஒரு சாயங்காலம் முழுசா போனாலும் பரவால்லன்னு ஒதுக்குங்க. பீச்சுதான் வேணும்னு இல்ல, மண்ணுத்தரை இருந்தா போதும், ஆனா ஈர மண்ணுல கோடு நல்லா விழும்.

20 மீட்டர் கயித்த முனையோட முனை முடிச்சுப் போட்டு, மீட்டருக்கு ஒரு துணி கட்டிக்கணும். நாலு பிள்ளைங்க நாலு மூலையா நின்னு இழுத்துப் புடிக்கணும். மொதல்ல 5க்கு 5. உள்ள குச்சியால மீட்டருக்கு ஒரு கோடு கிழிச்சு கட்டம் எண்ணுனா 25. இப்ப ரெண்டு பேர் ஒரு பக்கம் நகந்து 7க்கு 3 ஆக்குங்க. எண்ணுங்க, 21. இன்னும் இழுத்து 9க்கு 1. 9 கட்டம். அந்த 9க்கு 1ல எட்டு பேரையும் உள்ள நிக்கச் சொன்னேன், ரயில் பொட்டில நிக்கிற மாதிரி வரிசையா நின்னுக்கிட்டு ஒருத்தி கேட்டா, "கயிறு அப்படியே இருக்கு, எடம் எப்படி மிஸ் கொறஞ்சுது?"

நான் பதில் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. வீடு திரும்புற வரைக்கும் அதுங்களே பேசிக்கிட்டு வந்துச்சுங்க, ஆட்டோவுல ஒருத்தன் "10க்கு 0 வச்சா எடமே இருக்காது, கயிறு மட்டும் இருக்கும்"னான். இதுக்கு மேல நான் என்னத்த சொல்லிக் குடுக்க. சுற்றளவு ஒண்ணா இருந்தா பரப்பளவும் ஒண்ணா இருக்கும்ங்கற நெனப்பு பெரியவங்ககிட்டயே இருக்கு, மனை வாங்குறப்ப சுத்தி எவ்ளோன்னு மட்டும் கேட்டு சந்தோஷப்படுறவங்கள நான் பாத்துருக்கேன்.

இப்ப வாய்க்கணக்கு எழுதலாம்

புஸ்தகத்துல வர்ற தோட்டமும் நீச்சல் குளமும் எங்க பிள்ளைங்களுக்கு ஒட்டாது. வீட்டுல ஊர்ல இருக்குறத எடுங்க. ஒரே பொருள்ல ரெண்டு கேள்வியும் கேக்குற மாதிரி அமைஞ்சா அதுதான் முத்து. எனக்குக் கெடச்சதுல நல்லது தார்ப்பாய். 2011 டிசம்பர்ல தானே புயல் கூரையத் தூக்கிட்டுப் போனதுல இருந்து எங்க பக்கம் மழக்காலம் வந்தா தார்ப்பாய் பேச்சு இல்லாத வீடு கம்மி. 15 அடிக்கு 12 அடி தார்ப்பாய், கடைக்காரர் சதுர அடிக்கு வெல சொல்றாரு, அப்ப எத்தன சதுர அடி? 180. ஓரத்துல கயிறு கட்ட 3 அடிக்கு ஒரு வளையம், எத்தன வளையம்? சுத்தி 54, மூணால வகுத்தா 18, மூலைக்கு ஒண்ணு வர்ற மாதிரி சரியா உக்காந்துரும், ரெண்டு பக்கமும் மூணால வகுபடுது பாருங்க. வளையம் ரன்னிங் அடி கணக்கு, துணி சதுர அடி கணக்கு.

கபடி ஆடுற பசங்களுக்கு கபடி கிரவுண்டு. ஆம்பளைங்க ஆட்டத்துக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், வெளிக்கோடு சுண்ணாம்பு போட 46 மீட்டர், உள்ள மேட் விரிக்கணும்னா 130 சதுர மீட்டர். பொம்பளைங்களுக்கு 12க்கு 8, அதுங்களே போடட்டும், 40ம் 96ம் வரும். நடுக்கோட்டையும் சேத்தா சுண்ணாம்பு எவ்ளோன்னு கேட்டா ஒரு சண்டை இருக்கு, நடுக்கோடு கோடுதான் ஆனா அது சுற்றளவுல சேராது.

துப்பட்டாவுக்கு நாலு பக்கமும் லேஸ், இரண்டரை மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம், 7 மீட்டர் லேஸ். சுலபம், ஆனா சேலைக்கு ஃபால்ஸ்னு மாத்திக் கேளுங்க, நாலு பக்கமும் கூட்டும். ஃபால்ஸ் கீழ ஒரு ஓரத்துலதானே தைப்போம், அம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வான்னு அனுப்பிருவேன்.

மனைக்கணக்கும் கேக்கலாம், வில்லியனூர் பக்கம் போனா ரோட்டோரம் பூரா மனை போர்டுதான். 40 அடிக்கு 30 அடி மனை, 1200 சதுர அடி, ஒரு சென்ட்னா 435.6 சதுர அடி, அப்ப ரெண்டே முக்கா சென்ட் வரும். காம்பவுண்டு செவுரு 140 ரன்னிங் அடி, கேட்டுக்கு 10 அடி விட்டா 130. இந்த கேட்ட கழிக்கிறதுல கோட்டை விடாத புள்ள இல்ல.

மாட்டி விடுற எடங்கள்

நெறைய பேர் ஒரு குறுக்கு வழி சொல்லிக் குடுப்பாங்க, கணக்குல "சுற்றி"ன்னு வந்தா சுற்றளவு, "பரப்பி"ன்னு வந்தா பரப்பளவுன்னு. தயவு செஞ்சு வேணாம். நானும் ஒரு வருஷம் இப்படித்தான் சொல்லிக் குடுத்து கெடுத்தேன். "30 மீட்டருக்கு 20 மீட்டர் குளத்தைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்கு நடைபாதை, சிமெண்ட் போட எவ்வளவு பரப்பு"ன்னு கேட்டா, சுற்றின்னு பாத்ததும் 100னு எழுதிட்டுப் போயிரும். மேஸ்திரி கேள்வியக் கேட்டா சிமெண்ட் பரப்புறது, சதுர மீட்டர்னு புள்ள யோசிக்கும். இதுல இன்னொரு குழியும் இருக்கு, வெளி அளவு 32க்கு 22னு எடுக்கும், 2 மீட்டர் ரெண்டு பக்கமும் சேருதுங்கறது படம் போடாம வராது. சாக்பீஸால தரையில வரஞ்சு, இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2ன்னு கால வச்சுக் காமிச்சா 34க்கு 24, 816ல 600 போனா 216.

செவுத்துக்கு பெயிண்ட் இன்னும் நல்லா இருக்கும். எங்க 12க்கு 10 ரூம்ல சுத்தி 44, உயரம் 10 அடி, நாலு செவுரும் சேந்து 440 சதுர அடி. கதவு ஜன்னல் அப்புறம் கழிச்சுக்கலாம். ஒரு ரன்னிங் அடிய எடுத்து உயரத்தால பெருக்குனா சதுர அடி ஆகுது பாருங்க, நாலு செவுத்தையும் சுருட்டி வச்ச பாய் மாதிரி பிரிச்சு நீட்டுனா ஒரே நீள செவ்வகம். ஒரு நோட்டுத்தாள மடிச்சு ரூம் மாதிரி நிக்க வச்சு பிரிச்சுக் காமிங்க.

அளவு கலந்து வர்றது அடுத்தது. 2 மீட்டர் நீளம், 50 செ.மீ அகலம்னா 100னு எழுதும், என்ன 100னா முழிக்கும். ஒரு அடின்னா 12 இஞ்ச், அதனால ஒரு சதுர அடின்னா 12 சதுர இஞ்ச்னு எழுதுறது எல்லா வருஷமும் உண்டு, 144. தரையில ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாக்பீஸ் சதுரம் போட்டு, நம்ம 10 செ.மீ அட்டைய உள்ள அடுக்கச் சொல்லுங்க. 100 அட்டை, ஒவ்வொண்ணும் 100 சதுர செ.மீ, மொத்தம் 10,000. வாயால சொன்னா மறந்துரும், அடுக்கி முதுகு வலிச்சா மறக்காது.

பக்கத்த ரெண்டு மடங்காக்குனா பரப்பளவு நாலு மடங்காகும்ங்கறதுக்கு எங்க தாத்தா காலத்து கணக்கு ஒண்ணு வச்சிருக்கேன். குழிங்கறது பழைய நெல அளவு. தஞ்சாவூர் பக்கம் ஒரு குழின்னா 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. புதுச்சேரி பக்கம் குழின்னா 24 அடிக்கு 24 அடி, 576. ரெண்டும் குழிதான், அளக்குற கோல் ரெண்டு மடங்கு, நெலம் நாலு மடங்கு. தஞ்சாவூர் மாமா புதுச்சேரில 2 குழி வாங்குனேன்னா அவரு ஊர் கணக்குல எத்தன குழின்னு கேளுங்க, நாலுன்னு சொல்லும், எட்டு. பழைய அளவு பேரு தெரிஞ்ச பெரியவங்க வீட்டுல இருந்தா அவங்க பக்கத்துல உக்கார வச்சுருங்க, அவங்களுக்கும் பொழுது போகும்.

பரப்பளவு குடுத்து அகலம் கேக்குற திருப்பிப் போட்ட கணக்கெல்லாம் மேல சொன்னது நல்லா வந்தப்புறம் தானா வரும். வகுத்தல் தடுமாறுனா வகுத்தல தனியா பாருங்க, அதுக்கு பரப்பளவு மேல பழி போட வேணாம். பதில்ல மீட்டரா சதுர மீட்டரான்னு எழுதலன்னா நான் பாதி மார்க்குதான் போடுவேன், அழுதாலும் அதேதான்.

கடைசி வேல, அவங்களே கேள்வி எழுதணும்

வாரத்துல ஒரு நாள் ஆளுக்கொரு கேள்வி எழுதிட்டு வரணும், பொருள் வீட்டுல இருக்கணும், டேப் வச்சு அளந்துருக்கணும். போன மாசம், அந்த 40 எழுதுன பொண்ணே கொண்டாந்தது இது: "எங்க வீட்டுப் பாய் 6 அடிக்கு 4 அடி. என் தம்பி தூங்கும்போது 15 சதுர அடி எடுத்துக்குவான். எனக்கு எவ்வளவு மிச்சம்? அவனைச் சுத்தி கயிறு கட்ட எவ்வளவு கயிறு வேணும்?"

மொத கேள்விக்கு 9ன்னு எல்லாரும் போட்டுட்டாங்க. ரெண்டாவதுக்கு ஒருத்தன் 16ன்னான், 5க்கு 3ன்னு வச்சு. இன்னொருத்தி 6க்கு இரண்டரைன்னு வச்சு 17ன்னா. ரெண்டு பேரும் போர்டுல படம் போட்டு அடிச்சுக்கிட்டாங்க. கேள்வி எழுதுனவகிட்ட பதில் என்னன்னு கேட்டதுக்கு, "அவன் எப்படி படுத்துருக்கான்னு பாக்கணும் மிஸ், நைட்டு டேப் எடுத்துட்டுப் போறேன்"னு வாங்கிட்டுப் போயிருக்கா, டேப் இன்னும் திரும்பி வரல.